வேண்டாம் என்று சொல்ல முடியாத சொத்து

உயில் என்றாலே நம் காதில் பத்திர எழுத்தரின் நடை ஒலிக்கும்: நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதி வைப்பது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் மாணவர்கள் பலர், 17, 18 வயதில், ஏறக்குறைய இதே வாசகத்தோடு ஓர் உயில் எழுதுகிறார்கள். எழுதிவைக்க அவர்களிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. அதனால் குணங்களை எழுதிவைக்கிறார்கள். தாமதமாக வந்தும் மாட்டிக்கொள்ளாத சாமர்த்தியம் ஒருவனுக்கு. உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேசை ஒருத்திக்கு. கணக்கு ஆசிரியரின் பொறுமையில் தான் மிச்சம் வைத்தது இன்னொருவனுக்கு. கல்வியாண்டு முடியும் மே, ஜூன் மாதங்களில் மாணவர் இதழிலோ ஆண்டு மலரிலோ இவை அச்சாகும். நாடகக் குழுவின் பிரிவு விருந்தில் உரக்க வாசிக்கப்படும். 'சீனியர் வில்' என்று இதற்குப் பெயர்.

விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம். சட்டத்தின் கண்ணிலும் இது விளையாட்டுதான். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் 18 வயது நிரம்பாதவர் எழுதும் உயில் செல்லாது. ஆனாலும் தலைமுறைகளாக எழுதப்பட்டு வரும் ஒரு பத்திரத்தை, அதுவும் பள்ளியின் பெயரால் அச்சாவதை, கொஞ்சம் கறாராகப் படித்துப் பார்ப்பதில் தவறில்லை. மெய்யான உயிலின் உறுப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன: எழுதுபவர், சொத்து, பெறுபவர், சாட்சிகள், நிறைவேற்றுபவர். ஒன்று மட்டும் இல்லை. இந்த வழக்கத்தின் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்று இல்லாததால் வருபவை என்பது என் வாதம்.

இதன் வேர் கல்லூரிகளில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டமளிப்பை ஒட்டி 'வகுப்பு நாள்' கொண்டாடும் வழக்கம் இருந்தது. வகுப்பின் வரலாறு வாசிக்கப்படும், ஒரு கவிதை அரங்கேறும், பிற்காலத்தில் யார் என்ன ஆவார் என்று வேடிக்கையாக ஆரூடம் சொல்வார்கள், உயிலும் உண்டு. உயர்நிலைப் பள்ளிகள் இந்த நிகழ்ச்சி நிரலை அப்படியே இரவல் வாங்கிக்கொண்டன. 1910இல் அமெரிக்க இளைஞர்களில் சுமார் 9 விழுக்காட்டினர்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். 1940இல் பாதிப் பேர் முடித்தார்கள். சிலருக்கே கிட்டிய விழா ஊர்ப்பொது விழாவாக மாறியபோது, உயிலும் கூடவே ஊர்ப்பொதுவாயிற்று.

பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினால் வகுப்பே ஓர் ஆளாக நின்று பேசுவதைப் பார்க்கலாம். பதினோராம் வகுப்புக்கு எங்கள் நாற்காலிகள், ஆசிரியர்களுக்கு இனிமேலாவது கொஞ்சம் நிம்மதி என்ற போக்கில் அது போகும். அதன் கீழே, இன்னார் தம் உயரத்தை இன்னாருக்கு விட்டுச்செல்கிறார் என்று ஒற்றை வரிகள் வரும். பிற்பாடு வகுப்பின் குரல் தேய்ந்து தனிக்குரல் ஓங்கியது. இன்று பல இடங்களில் ஒவ்வொரு சீனியரும் தன் உயிலைத் தானே எழுதுகிறார், தான் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு. ஊருக்கே பொதுவாகச் சொன்ன கேலி யாரையும் பெரிதாகக் குத்தாது. பெயர் சொல்லி எழுதிய வரியோ தனிக்கடிதம், பள்ளியே பிரித்துப் படிக்கும் தனிக்கடிதம்.

நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 17 வயதுப் பையன், தன்னைவிட இரண்டு வயது இளையவனிடம், 'நீ இல்லாவிட்டால் எனக்கு இந்த வருஷம் ஓடியிருக்காது' என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டான். கூச்சம் விடாது. உயில் அவனுக்கு ஒரு சாக்குக் கொடுக்கிறது. பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன் ஒருவன் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம்: 'எனக்குப் பின்னால் நின்ற பத்தாம் வகுப்புக்காரனுக்கு, அணிவகுப்பில் இடதுகால் வைக்க வேண்டிய இடத்தில் வலதுகாலை வைத்துவிட்டு, மற்ற எல்லாரும்தான் தப்பு செய்கிறார்கள் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் என் கலையை எழுதிவைக்கிறேன். என்னைப் பார்த்து நடந்து நீயும் பலமுறை திட்டு வாங்கினாய். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு இது கூலி.' சிரிப்பு எழுதியவன் தலையில் விழுகிறது. நன்றி பெறுபவன் கைக்குப் போகிறது. இளையவனின் விசுவாசத்தை மூத்தவன் கவனித்திருக்கிறான், அதைப் பலர் அறிய ஒப்புக்கொள்கிறான். வாழ்த்து அட்டையில் 'நல்ல நண்பன்' என்று எழுதியிருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கொடுப்பவர், கொடுப்பது, பெறுபவர், காரணம் என்ற நான்கு கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும் என்ற நிபந்தனையே எழுதத் தெரியாதவனையும் குறிப்பாக எழுத வைக்கிறது.

யாருக்கு எழுதுகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள். இந்த நான்கு வயதினரும் தோளோடு தோள் நிற்கும் இடங்கள் இசைக்குழு, நாடகம், ஓட்டப் பயிற்சி, விவாதக் குழு, மாணவர் இதழ் போன்றவைதான். உயிலின் வாரிசுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ கால்வாசிப் பேர், அதுவும் வேலை தெரிந்த கால்வாசிப் பேர், ஒரே நாளில் கழன்றுகொள்ளும் குழுக்கள் இவை. மேடையின் எந்தப் பலகையில் கால் வைத்தால் கிறீச்சிடும், எந்த ஆசிரியரிடம் எந்த நேரத்தில் அனுமதி கேட்கலாம் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. கேலி வேடத்தில் உயிலில் இருக்கும். சில நாடகக் குழுக்களில் ஒரு தொப்பியோ பொம்மையோ நிஜமாகவே கைமாறும், முன்பு வைத்திருந்தவர்களின் பெயர்கள் அதன் உள்பக்கத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் மிரண்டு நுழைந்த பிள்ளைக்கு அந்த வரிசையில் தன் பெயரும் ஏறுவது சாதாரண விஷயமில்லை.

இனி கோளாறு. கேலி உயிலுக்கு நீண்ட பரம்பரை உண்டு. அதில் இரண்டு மூதாதையர் முக்கியமானவர்கள். ஒருவர், பன்றி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு சிறு லத்தீன் படைப்பில், வெட்டப்படப் போகும் பன்றிக்குட்டி ஒன்று சமையல்காரனிடம் கொஞ்சம் அவகாசம் வாங்கி உயில் சொல்கிறது. தன் மயிரைச் செருப்புத் தைப்பவர்களுக்கும், காதுகளைச் செவிடர்களுக்கும், நாக்கை வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும் கொடுக்கிறது. ரோமானியச் சட்டம் கேட்கிறபடி ஏழு சாட்சிகளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று புனித ஜெரோம் குறைபட்டிருக்கிறார். ஆக, வகுப்பறைக்கும் பகடி உயிலுக்கும் உள்ள உறவு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் பழையது. இன்னொருவர், 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சுவா வியோன். இவர் உயில் வடிவில் எழுதிய கவிதைகளில் தம்முடையவையே அல்லாத மதுக்கடைப் பெயர்ப்பலகைகளைக்கூடத் தாராளமாக வழங்குகிறார். மூன்று ஏழை அநாதைகளுக்கு என்று இரக்கத்தோடு எழுதுகிறார். அந்த 'அநாதைகள்' பாரிஸின் பணக்கார வட்டிக்காரர்கள்.

பன்றி தன் உடம்பைக் கொடுக்கிறது. வியோன் தன்னிடம் இல்லாததைக் கொடுத்து, பெறுபவனைக் குத்துகிறார். இரண்டும் நகைச்சுவைதான். ஆனால் கீழே நின்று மேல்நோக்கி எறியும் உரிமை வியோனுக்கு இருந்தது. அவர் சிறை கண்ட ஏழை, அவர் குறி வைத்தவர்கள் செல்வாக்குள்ளவர்கள். பள்ளியிலோ மூத்தவன் இளையவனுக்கு எழுதுகிறான். கல் மேலிருந்து கீழே வருகிறது. வியோனின் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு அவர் நின்ற இடத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் சீண்டல்.

ஆகவே ஒரு நல்ல உயில் வரியைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவருடையதா? தாமதம், கையெழுத்து, காலடி தவறும் கலை எல்லாம் எழுதியவன் சொந்தம். அவற்றைக் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு. வியர்க்கிற பையனுக்கு 'என் டியோடரண்ட்', குண்டாக இருப்பவளுக்கு 'என் ஓட்டப் பயிற்சி அட்டவணை', சரியாக மதிப்பெண் வராதவனுக்கு 'என் மூளையில் பாதி' என்னும் வரிகள் இந்தச் சோதனையில் தோற்கும். இலக்கணப்படி அவை கொடை; பொருளில் அவை பெறுபவரின் குறைப்பட்டியல். அவரிடம் இல்லாதது எது என்று ஊரறிய எண்ணிச் சொல்வது கொடுப்பதாகாது.

இடைப்பட்ட வரிகளும் உண்டு, அவைதான் சிக்கலானவை. அதிகம் பேசாத ஒருத்திக்கு, 'என் வாயை உனக்கு எழுதிவைக்கிறேன்' என்று வருகிறது. எழுதியவள் வாயாடி என்பது எல்லாருக்கும் தெரியும் என்றால், பொருள் அவளுடையதுதான். ஆனால் படிப்பவர் பார்வை பெறுபவளின் மௌனத்தின் மேல் போய் நிற்கும். அதே வரியோடு, 'இதழ்க் கூட்டங்களில் நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட நீ கடைசியில் சொன்ன ஒரு வாக்கியம் உருப்படியானது. இனி முதலிலேயே சொல்லு' என்று சேர்த்துவிட்டால் சிரிப்பு மறுபடி எழுதியவள் பக்கமே திரும்பிவிடும். காரணம் சொல்லும் அந்த நான்காவது கட்டத்தில்தான் கேலி அன்பாவதும் அவமானமாவதும் தீர்மானமாகிறது. சொல் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்தக் கட்டம்தான்.

இங்கேதான் விடுபட்ட உறுப்புக்கு வருகிறோம். மெய்யான உயிலில் பெறுபவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்; அமெரிக்க வரிச் சட்டப்படி 9 மாதங்களுக்குள் முறையாக மறுத்துவிட்டால் அந்தச் சொத்து அவரிடம் வந்ததாகவே கொள்ளப்படாது. பள்ளி உயிலில் இந்த வாசல் கிடையாது. இதழ் வெளிவரும் அன்றுதான் தனக்கு என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று இளையவனுக்குத் தெரியும். எழுதியவன் சில நாளில் ஊரைவிட்டே போய்விடுவான். பெற்றவன் அதே தாழ்வாரத்தில் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு நடக்க வேண்டும், அந்த வரி ஒட்டிக்கொண்ட முதுகோடு. சிரிக்காவிட்டால் 'கேலிகூடத் தாங்காதவன்' என்ற இரண்டாவது பட்டமும் சேரும்.

பெயரே வராதவர்களின் நிலை வேறு. எந்தக் குழுவிலும் இல்லாதவர், நடுவில் வந்து சேர்ந்தவர், பள்ளி விட்டதும் வேலைக்கு ஓடுகிறவர் ஆகியோருக்கு யாரும் எதையும் எழுதுவதில்லை. ஒரே பெண்ணின் பெயர் பதினைந்து உயில்களில் வருகிற பக்கத்தில், ஒன்றில்கூட வராத பெயர் பளிச்சென்று தெரியும். பள்ளிக்குள் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதை அச்சிட்டுக் காட்டும் கணக்கேடாகவும் இந்தப் பக்கம் ஆகிவிடுகிறது.

இதற்கெல்லாம் பொறுப்பாசிரியர் இருக்கிறாரே, தணிக்கை செய்யலாமே என்றால், அதிகாரம் இருப்பது உண்மை. மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியில் 1983இல் முதல்வர் மாணவர் இதழிலிருந்து இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டார். மாணவிகளின் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரைகள் அவற்றில் இருந்தன. பெயரை மாற்றியிருந்தாலும் சம்பந்தப்பட்ட பெண்கள் யார் என்று தெரிந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988இல் 5க்கு 3 என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாக முடிந்தது. அந்த அதிகாரம் கருத்துரிமையை நெருக்குகிறது என்ற விமர்சனம் இன்றும் உண்டு. உயில் பக்கத்தைப் பொறுத்தவரை அது உதவவும் உதவாது. கட்டுரை எல்லாருக்கும் புரிகிற மொழியில் இருக்கும். உயில், கூட்டாளிகளுக்கு மட்டும் புரிகிற குழூஉக்குறியில் இருக்கும். 'அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியை உனக்கு விட்டுச்செல்கிறேன்' என்ற வரியில் ஆசிரியர் எதை அடிப்பார்?

குழூஉக்குறி அச்சில் ஏறினால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு 2018 செப்டம்பர் சாட்சி. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட பிரெட் கேவனா படித்த ஆண்கள் பள்ளியின் 1983 ஆண்டு மலர் அப்போது நாடே படிக்கும் ஆவணமாயிற்று. அது உயில் பக்கம் அல்ல, ஆனால் அதே சாதி எழுத்து: சீனியர்கள் தத்தம் படத்தின் கீழே எழுதிக்கொண்ட உள்வட்டக் கேலி. அக்கம்பக்கப் பள்ளி மாணவி ஒருவரின் பெயர் பல பையன்களின் பக்கங்களில் இருந்தது. கேவனாவை ஆதரித்துக் கையெழுத்திட்ட பெண்களில் அவரும் ஒருவர். மலரில் தன் பெயர் அப்படி வந்திருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, புண்பட்டதாகச் சொன்னார். அன்பைக் காட்டத்தான் அப்படி எழுதினோம் என்று கேவனா பதவி நியமன விசாரணையில் சொல்லி, அவரிடம் மன்னிப்பும் கேட்டார். நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். பெயர் அச்சானபோது அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. 35 ஆண்டு கழித்தும் அதற்கான விலையில் ஒரு பங்கை அவர்தான் கொடுத்தார். பழைய ஆண்டு மலர்கள் இணையத்தில் ஏறிவரும் காலத்தில், நூறு பேருக்காக எழுதிய கேலிக்கு வாசகர் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைச் சொன்னால், கத்தரித்துக் கத்தரித்துக் கடைசியில் உப்புச் சப்பில்லாத வாழ்த்துரையாக்கிவிடுவீர்கள் என்பார்கள். நியாயமான பயம். யாராவது புண்படுவார்களோ என்று உயில் பக்கத்தையே கைவிடுவது பள்ளிக்குச் சுலபமான தீர்வு; அப்படிச் செய்தால் டிரம்பெட்காரனின் நன்றியும் சொல்லப்படாமலே போகும். ஆனால் கூர்மை வேண்டும் என்பதற்காகப் பிறரைக் குத்தியாக வேண்டியதில்லை. பன்றியின் உயில் இத்தனை நூற்றாண்டு சிரிக்க வைத்தது, கொடுத்ததெல்லாம் அதன் சொந்த உடம்பு.

செய்ய வேண்டியது ஒன்றுதான், விடுபட்ட உறுப்பைச் சேர்ப்பது. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வரியும் அதில் பெயர் உள்ளவரிடம் போகட்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். எடுத்தது மூத்தவனுக்குத் தெரிந்து சங்கடமாகுமே என்றால், இடமில்லை என்று பழியைப் பதிப்புக் குழு ஏற்றுக்கொள்ளட்டும். உயிலை நிறைவேற்றுபவரின் வேலையே அதுதானே. ஆச்சரியம் கொஞ்சம் குறையும், மறுக்கிறேன் என்று சொல்லவும் சில பிள்ளைகள் கூசுவார்கள். இரண்டையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஆசிரியருக்குப் புரியாத குறிப்பு பெறுபவருக்குப் புரியும். பள்ளி முழுவதிலும் அந்த வரியைச் சரியாகத் தணிக்கை செய்யக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரிடம் கேட்ட பிறகும் நிற்கிற கேலி எவ்வளவு காரமாக இருந்தாலும் அச்சாகலாம். அவரிடம் காட்டவே தயங்குகிற கேலியை எழுதியவனே வைத்துக்கொள்ளட்டும்.