நோயாளி இல்லாத உருவப்படம்

அமெரிக்க ஓவியர் சார்ள்ஸ் வில்சன் பீல், 1783ஆம் ஆண்டளவில் மருத்துவர் பெஞ்சமின் றஷ்ஷின் உருவப்படத்தைத் தீட்டத் தொடங்கினார். பிலடெல்பியா நகரின் புகழ்பெற்ற மருத்துவரும், 1776இன் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவருமான றஷ், தளர்ந்த நீளங்கி அணிந்து நூல்களினிடையே அமர்ந்துள்ளார். முகத்தின் அமைதியும் துணியின் மடிப்பும் தேர்ந்த தூரிகைக்குச் சான்றாவன. ஆயின் அங்கு நோயாளி இல்லை, குருதியும் இல்லை. தொழில் புரிவோராகவன்றி அறிஞராக மதிக்கப்பட விழைந்த ஒரு வகுப்பினரின் தோற்றமே அது எனலாம்.

1793இல் மஞ்சட் காய்ச்சல் அந்நகரில் ஏறத்தாழ 5000 பேரைப் பலிகொண்டது. றஷ் நகரைவிட்டு அகலாது நோயாளரிடையே உழைத்தார். எனினும் அளவுமீறிக் குருதி வடித்த அவரது சிகிச்சை அன்றே கண்டனத்துக்குள்ளாயிற்று. பின்னர் நிகழ்ந்த இவற்றை ஓவியர் அறிந்திரார். ஆயினும் அத்துணிவுக்கோ அத்தவறுக்கோ அவர் கையாண்ட ஓவிய மரபில் இடமிருக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

அதே நகரில் 1875இல் தோமஸ் ஈக்கின்ஸ், சத்திரசிகிச்சை நிபுணர் சாமுவேல் குறொஸ்ஸைக் குருதி தோய்ந்த கையுடன், நோயாளியின் அருகில் நிற்பவராகத் தீட்டினார். 1876இன் நூற்றாண்டுக் கண்காட்சியில் அவ்வோவியம் கலைப்பிரிவில் ஏற்கப்படாது, இராணுவ மருத்துவமனைக் காட்சியில் வைக்கப்பட்டது. பீலின் திறமையை மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவரை அவரது பணியிலிருந்து பிரித்துப் போற்றும் கலை, அவரையும் முழுமையாகக் காட்டுவதில்லை.