கருத்தா இல்லாத வாக்கியங்கள்

தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் செயப்பாட்டு வினை படிப்பிக்கும்போது, பத்திரிகைகளின் குற்றச் செய்திகளை உதாரணமாக எடுப்பது என் வழக்கம். "கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது", "சந்தேகிக்கப்படுகிறது" என முடியும் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, "கருத்தா எங்கே? கூறியவர் யார்? நம்பியவர் யார்?" என்று கேட்பேன். பிள்ளைகள் விழிப்பார்கள்.

இக்கேள்வியை நாம் உரத்துக் கேட்டிருக்கவேண்டிய நாள் 2019 மே 23. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிசேரியன் சத்திரசிகிச்சையின் பின் 4000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக 'திவயின' முற்பக்கத்தில் எழுதியது. வைத்தியரின் பெயர் அதில் இல்லை. ஓரிரு நாட்களில் குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். சொல்லப்பட்ட காரணம் சொத்து பற்றிய சந்தேகம். அதன் பின்னரே முறைப்பாடு செய்ய வருமாறு தாய்மார் அழைக்கப்பட்டனர். எண்ணிக்கை முதலில் வந்தது; பாதிக்கப்பட்டோர் பிறகுதான் தேடப்பட்டனர்.

நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தனர். அவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு தாயின் வேதனைக்குப் பத்திரிகை ஒரு குற்றவாளியைக் காட்டிவிட்டது. தன் உடம்பையே சந்தேகிக்க வைக்கப்பட்ட அவளும் அச்செய்தியால் பாதிக்கப்பட்டவள்தான். நம்மவர் எழுதி நான் வாசித்த மறுப்புகளில் அவளைக் காணவில்லை. நாமும் நமது காயத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம்.

குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதம் நீதிமன்றுக்கு அறிவித்தது. ஜூலை 25இல் வைத்தியருக்குப் பிணை கிடைத்தது.

அடுத்த ஆண்டு இந்த மொழி இலக்கியத்தின் வாசலுக்கே வந்தது. மன்னார், சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மேயில் கைதானார். 2017இல் வெளிவந்த அவரது 'நவரசம்' கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் 'கூறப்பட்டது'. கவிதைக்குப் பொலிஸார் பொழிப்புரை சொன்னார்கள், அதுவே செய்தியாயிற்று. பத்தொன்பது மாதங்கள் அவர் தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

கவிதை வாசிக்கத் தெரிந்த நாம் என்ன செய்தோம்? மற்றவர்களைக் கேட்குமுன் என்னைச் சொல்கிறேன். கைதுச் செய்தி வந்த அன்றிரவு, என் அலுமாரியில் இருந்த கவிதைத் தொகுதிகளை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்நூலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஒரு சிறுகதையில் பாத்திரம் சரியாக வார்க்கப்படவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதும் நாம், முற்பக்கச் செய்தியையும் ஒரு பிரதியாக எடுத்து விமர்சிக்கவேண்டும். அதுவும் நமது வேலைதான்.

இப்போது என் மாணவர்கள் கைதுச் செய்தியைக் கொப்பியில் ஒட்டினால், எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்கிறேன். தீர்ப்பு வந்த செய்தியை அதில் ஒட்டவேண்டும். தவணை முடிவில் கொப்பிகளைத் திருத்தும்போது, பெரும்பாலான எதிர்ப்பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.