சீறாப்புராணத்தில் தமிழான சொல்லும் தமிழாகாத சொல்லும்

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த காப்பியம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களை உடையது. இதனை ஆராயும் கட்டுரைகள் பலவும் நாட்டுப் படலத்திலேயே தங்கிவிடுகின்றன. அங்கே மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் வயலில் இறங்குகின்றனர். புலவர் அரபகத்தைத் தமிழகமாக்கினார் என ஒரு சாரார் வியப்பர். அதையே மறு சாரார் பிழை என்பர். மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்பது திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபியின் வேண்டுதலிலேயே வருகிறது. நபி வரலாற்றைப் பாட முனைந்தவர் இதனை அறியாதிருந்தார் என்று கொள்வது கடினம். நாட்டு வருணனை காப்பிய மரபின் கடன். அதனை நிலவியற் செய்தியாகப் படித்து வியப்பதும் குறைகூறுவதும் ஒரே தவறே. தமிழ்மயமாதலை அளக்கத்தக்க இடம் சமயச் சொற்கள்.

நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘தொழுகை வந்த வரலாற்றுப் படலம்’ உள்ளது. அதே காண்டத்தில் ‘உமறு கத்தாப் ஈமான் கொண்ட படலம்’ என்பதும் உள்ளது. ஸலாத் தமிழாயிற்று, ஈமான் ஆகவில்லை. செயலுக்குத் தமிழ், கொள்கைக்கு அரபு என்று இதற்கு எளிதாக விதி வகுத்துவிடலாம். அவ்விதி நிலைக்காது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் தொழுகையும் நோன்பும் தமிழ். செயல்களேயான ஸகாத்தும் ஹஜ்ஜும் அரபு.

பழைய பொருளைப் பழக்கத்தால் மாற்றிக்கொள்ள இயன்ற சொற்களே ஏற்கப்பட்டன என்பது என் கருத்து. தொழுதல் கைகூப்புதலைக் குறித்தது. நாளுக்கு ஐந்து வேளை நின்று, குனிந்து, நெற்றி நிலம்பட வணங்கும் முறைக்கு அச்சொல் வந்தபின், கூப்பிய கை அதிலிருந்து மறைந்தது. சமணமும் சைவமும் வழங்கிய நோன்பு, ரமளான் மாதத்தில் வைகறை முதல் கதிரவன் மறையும்வரை நீரும் அருந்தாதிருத்தலாயிற்று. சமணப் பள்ளி இருந்த மொழியில் பள்ளிவாசல் தோன்றியதும் இவ்வாறே. இவற்றில் உடலின் பயிற்சி நாள்தோறும், ஆண்டுதோறும் சொல்லைத் திருத்தியது.

ஸகாத்தின் நிலை வேறு. ஈகை, கொடை என்னும் சொற்கள் கொடுப்பவனின் புகழைச் சுமந்தவை. புறநானூறு முதல் அவ்வாறே. வரையறுத்த அளவை எட்டி ஓராண்டு கையில் நின்ற பணத்தில் 40இல் 1 பங்கு வறியோர் முதலானோர்க்கு உரியது என்னும் கடமையில் புகழுக்கு இடமில்லை. பெறுபவனின் உரிமை அது. ‘கொடை’ எனின் அவ்வுரிமை மறையும். அவ்வாறே, துல்ஹஜ் மாதத்தின் குறித்த நாள்களில் மட்டும் நிறைவேறும் ஹஜ்ஜினை, எக்காலத்தும் மேற்கொள்ளத்தக்க தீர்த்த யாத்திரை ஈடுசெய்யாது.

இன்றைய அறிமுக நூல்களும் பாடக் குறிப்புகளும் இவ்வேறுபாட்டைக் கருதாது அனைத்தையும் பெயர்க்க முற்படுகின்றன, ஈமான் ‘நம்பிக்கை’யாகிறது. இறைவன், மலக்குகள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி ஆகியவற்றை உளமார ஏற்று நாவால் மொழிவது ஈமான். தமிழில் நம்பிக்கை நண்பன்மேலும் உண்டு. நாளைய மழைமேலும் உண்டு. நபியைக் கொல்ல வாளோடு புறப்பட்ட உமறு மனம் திரும்பிய கதைக்கு ‘நம்பிக்கை கொண்ட படலம்’ என்று பெயரிட்டிருந்தால், அவர் எதனை ஏற்றார் என்பது அப்பெயரில் இராது.