ஆயிரத்து முன்னூற்று முப்பதும் அத்துப்படி!

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று எத்தனையோ போட்டிகள் நடக்கின்றன. அத்தனைக்கும் ராஜா எது என்று கேட்டால், திருக்குறள் முற்றோதல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் ஒரு சின்னப் பிள்ளை எதிரில் நின்று, கடவுள் வாழ்த்தில் தொடங்கி ஊடலுவகை வரை 133 அதிகாரத்தையும் தங்கு தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போவதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்களும் என் கட்சிதான்.

தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டம்தோறும் நடத்துகிற ஏற்பாடு இது. பள்ளியில் படிக்கிற பிள்ளை 1330 குறளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மாவட்ட அளவில் ஒரு குழு உட்கார்ந்து நேரில் கேட்கும். தேறியவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழும் ரொக்கப் பரிசும் உண்டு. முன்பு 10,000 ரூபாயாக இருந்த பரிசு இப்போது 15,000 ரூபாய். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு என்ற பேச்சே கிடையாது. முழுதும் சொன்ன பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரே பரிசு, ஒரே மரியாதை. ஒருமுறை பரிசு வாங்கியவர் மறுபடி கலந்துகொள்ள முடியாது.

இந்த விதிகளை வகுத்தவர் யாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். பக்கத்தில் நிற்கிற பிள்ளை தோற்றால்தான் நம் பிள்ளை ஜெயிக்கும் என்ற நிலையே இங்கே இல்லை. அதனால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் தங்கை மகள் தயாரானபோது கண்ணால் பார்த்தேன். அவளோடு படித்த இன்னொரு பிள்ளைக்குப் பொருட்பாலில் அமைச்சு, அரண் பகுதிகளெல்லாம் தகராறு. இவளுக்கு இன்பத்துப்பால் தகராறு. இரண்டும் பள்ளிக்கூடப் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, இவள் ஒரு குறள், அவள் ஒரு குறள் என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் கரையேறிவிட்டார்கள். வேறு எந்தப் போட்டியில் இதைப் பார்க்க முடியும்?

மனப்பாடம்தானே, கிளிப்பிள்ளை வேலைதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தேர்வில் எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வரிசையாக ஒப்பித்தால் மட்டும் போதாது. எண்ணைச் சொல்லிக் குறளைக் கேட்பார்கள். அதிகாரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். முப்பால், பொதுமறை, பொய்யாமொழி, வாயுறை வாழ்த்து என்று நூலுக்கு இருக்கிற பெயர்களையும் சிறப்புகளையும் தெரிந்து வைத்திருந்தால் கூடுதல் தகுதி. பொருள் தெரிந்திருந்தால் அதற்கும் கூடுதல் தகுதி.

எண் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொல்லும் வேகம் இருக்கிறதே, அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 786 என்று சொல்லி வாயை மூடுவதற்குள், “நட்பு, ஆறாவது குறள்” என்று வந்து விழும். கடைசி இலக்கத்தைத் தள்ளிவிட்டு மீதியோடு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண். 78-உம் 1-உம் 79. எழுபத்தொன்பதாவது அதிகாரம் நட்பு, அதில் ஆறாவது. பூஜ்யத்தில் முடிகிற எண்ணுக்குக் கூட்ட வேண்டாம். 790 என்றால் நட்பிலேயே பத்தாவது. கணக்கும் தமிழும் கைகோத்து நிற்கிற இந்த அழகுக்கு வள்ளுவர் போட்டுவைத்த கச்சிதமான கட்டமைப்புதான் காரணம். அறத்துக்கு 38 அதிகாரம், பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. ஒவ்வொன்றிலும் பத்தே பத்து. ஒவ்வொரு குறளும் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், மொத்தம் ஏழு. எதுகையும் மோனையும் அடுத்த சீரை நாக்கில் எடுத்துக் கொடுத்துவிடும். மனத்தில் தங்குவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு யாப்பு!

இதற்காகப் பெரிய பயிற்சி மையம் எதுவும் தேவையில்லை என்பதுதான் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். பனங்காடும் முருங்கைத் தோட்டமும் காற்றாலையுமாக இருக்கிற வறண்ட பூமி இது. வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். தங்கையும் சுற்றுவாள். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்ததும் மகள் எதிரில் உட்கார்ந்து அன்றைய அதிகாரத்தைத் தொடங்குவாள். நாளுக்கு ஒரு அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதுவும் கிடையாது, அந்த வாரத்துக்கானதைத் திருப்பிச் சொல்வது மட்டும். தாய்க்குக் கண் இலையிலும் தூளிலும், காது மகள் பக்கம். எங்கள் ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. திண்ணையில் சாய்ந்தபடி கேட்டுக் கேட்டே விருந்தோம்பலும் இனியவை கூறலும் ஆச்சிக்குப் பாடமாகிவிட்டன. பிள்ளை எங்காவது தடுமாறினால், “ஏட்டி, அது இல்ல, அடுத்தத விட்டுட்டியே” என்று திண்ணையில் இருந்து குரல் வரும். ஒரு பிள்ளை முற்றோதலுக்குப் படித்தால் வீடே சேர்ந்து படிக்கிறது.

தேர்வுக்கு முன்னால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சன்னல் வழியாக வெளியே கையைக் காட்டிக் கேட்டார்: “ஏ பிள்ள, அந்தா நிக்குதே நம்ம ஊரு மரம், அது குறள்ல எங்கெங்க வருது?”

அவள் யோசிக்கவே இல்லை. “பனையா ஐயா? மூணு எடத்துல வருது. 104, 433, 1282.”

“எந்தெந்தப் பாலு?”

“ஒண்ணு அறத்துப்பால், செய்ந்நன்றி அறிதல். ஒண்ணு பொருட்பால், குற்றங்கடிதல். ஒண்ணு இன்பத்துப்பால், புணர்ச்சி விதும்பல். மூணுலயும் தினையும் பனையும் சோடியாத்தான் ஐயா வரும்.”

மூன்றையும் சொன்னாள். பொருளும் சொன்னாள். தினையளவு உதவியையும் பயன் தெரிந்தவர் பனையளவாகப் பார்ப்பார். பழிக்கு அஞ்சுகிறவர் தன் தினையளவு குற்றத்தைப் பனையளவாகப் பார்ப்பார். காதல் பனையளவு நிறைந்திருந்தால் தினையளவுகூட ஊடக் கூடாது. நன்றி, நாணம், காதல் மூன்றையும் ஒரே அளவுகோலால் மூன்று பாலிலும் வள்ளுவர் அளந்து வைத்திருக்கிறார். பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பனையின் உயரத்தை யாரும் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேறு வேறு பாலில், ஆயிரம் குறளுக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கிற மூன்றையும் ஒரு நொடியில் அருகருகே கொண்டுவந்து நிறுத்த, முழு நூலும் மனத்தில் இருப்பவரால்தான் முடியும். முற்றோதலின் மகிமை இதுதான். புத்தகம் முழுவதும் உள்ளே இருக்கிறது. பிள்ளை அதற்குள் எந்தத் தெருவிலும் நுழைந்து எந்தத் தெரு வழியாகவும் வெளியே வருகிறது.

செம்மொழி இலக்கியத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் கூடுகிற வழக்கம் வெளிநாடுகளிலும் உண்டு. இத்தாலியில் அர்ப்பினோ என்ற ஊர் சிசரோ பிறந்த ஊர். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அங்கே கூடி, சிசரோ எழுதிய இலத்தீன் பகுதி ஒன்றை மொழிபெயர்த்து விளக்கம் எழுதுகிற போட்டி 1980 முதல் நடந்து வருகிறது. அமெரிக்காவில் இலத்தீன் படிக்கிற பிள்ளைகள் பொத்தானை அமுக்கிப் பதில் சொல்கிற வினாடி வினாவில் மோதுகிறார்கள். கேள்விப்பட்டபோது மனம் குளிர்ந்தது. ஒரு பழைய நூலுக்காக உலகத்தின் எந்த மூலையில் பிள்ளைகள் கூடினாலும் அவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். ஆனாலும் ஒரு நூலின் முதலில் இருந்து முடிவு வரை நாக்கில் ஏந்தி வருகிற பிள்ளைகளை நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்கிறது.

குறளுக்கும் இலத்தீனுக்கும் எங்கள் சீமையில் பழைய உறவும் உண்டு. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர், 1730 வாக்கில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், 1840களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியபோது நம் நெல்லைச் சீமைப் பையன்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பக்கத்து இடையன்குடியில் 1841-இல் வந்து குடியேறிய கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டார்; அவர் அடக்கமாகியிருப்பதும் அந்த ஊரிலேதான். பழைய நூலைத் தேடித் தேடிப் படித்த பெரியவர்கள் நடமாடிய மண்ணில் நம் பிள்ளைகள் இன்று குறளைச் சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள்.

மனத்தில் நிறுத்துவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் தென்பாண்டிக்காரர்கள். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்துகாட்டிப் பேர் வாங்கினார். ஒரே நேரத்தில் நூறு பக்கம் கவனம் வைக்கிற வித்தை அது. கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அசராமல் நிற்கிற இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது பாவலர் வழி அற்றுப்போகவில்லை என்று தெம்பு வருகிறது.

2016-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களையும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்தில் சேர்க்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் பாடத்தில் வருவதைப் பரீட்சைக்காகப் படிக்கிறோம், முற்றோதலுக்கு ஆசைப்பட்டுப் படிக்கிறோம். ஆசைப்பட்டுப் படித்தது ஆயுளுக்கும் நிற்கும். கடல் கடந்து போன நம் ஆட்களுக்கும் இந்த ஆசை விடவில்லை. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத் தமிழர்கள் ஒரு குறளுக்கு ஒரு டாலர் என்று பரிசு வைத்துப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்கிறார்கள்.

தேறி வந்த பிள்ளையை நேரே கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் இருந்து அது பக்கம்தான். 2000 ஜனவரி 1-இல் திறந்த, கணபதி ஸ்தபதியின் கைவண்ணமான 133 அடிச் சிலை அங்கே நிற்கிறது. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், மற்ற இரண்டு பாலின் 95 அதிகாரத்துக்கு 95 அடி உருவம். 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக விவேகானந்தர் பாறையில் இருந்து நடந்தே போகலாம். என் தங்கை மகள் அந்தப் பீடத்தைச் சுற்றி வந்துகொண்டே, “மாமா, நிலையாமையும் துறவும் தாண்டி, ஊழோட பீடம் முடியுது. கல்லாமையும் கல்வியும் வள்ளுவர் கால்கிட்ட இருக்கு” என்றாள். இறைமாட்சியில் தொடங்கும் பொருட்பாலை அவள் சிலையின் காலில் இருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறாள்! எத்தனை பேர் அந்தச் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவள் அதை அதிகாரம் அதிகாரமாகப் படித்தாள்.

உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள். பொருள் சுருக்கமாக உள்ள ஒரு மலிவுப் பதிப்பு போதும். அதிகாரப் பெயர்களை முதலில் வரிசையாகப் படியுங்கள், வீட்டுக்கு வாசல் அதுதான். காலையில் சொல்லியதை இரவில் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளித் தமிழாசிரியரிடமோ மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்திலோ விண்ணப்பம் பற்றி விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்புக்குப் போனதும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு காத்திருக்கிறது; அதில் தேர்வாகும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். குறளில் ஊறிய பிள்ளைக்கு அதுவும் எளிது.

பரிசுப் பணம் ஒரு நாள் செலவாகிவிடும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவோம். 1330 குறளும் அந்தப் பிள்ளையோடு கல்லூரிக்குப் போகும், வேலைக்குப் போகும், நாளைக்கு அது பெற்றெடுக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேரும். இதைவிடப் பெரிய சொத்தை எந்தத் தகப்பனாலும் எழுதிவைக்க முடியாது. தயங்காதீர்கள், சேர்த்துவிடுங்கள்!