சட்டத்தரணியின் புகழும் தண்டிக்கப்பட்டவனின் குரலும்

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொன்றோவில் ஒரு சிறு பட்டினம். ஹாப்பர் லீ அங்கு பிறந்தவர். 1960 இல் வெளிவந்த அவரது 'ரு கில் எ மொக்கிங்பேட்' நாவலில் வரும் கற்பனை நகரம் அதனையே மாதிரியாகக் கொண்டது. பொய்க்குற்றஞ் சுமத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளிக்காக வாதாடும் அற்றிக்கஸ் ஃபிஞ்ச் என்னும் வெள்ளைச் சட்டத்தரணி, காலப்போக்கில் அப்பட்டினத்தின் தவப்புதல்வன் ஆகிவிட்டான். பழைய நீதிமன்றக் கட்டடம் நூதனசாலையாயிற்று. நாவல் அங்கு நாடகமாக நடிக்கப்பெறுகின்றது.

அதே பட்டினத்தில் 1986 இல் வெள்ளை இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். அக்கொலையைச் செய்யாத வோல்ற்றர் மக்மிலியன் என்னும் கறுப்பின மரந்தறி தொழிலாளிக்கு 1988 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அவருக்காக வாதாடிய பிரயன் ஸ்டீவன்சன், அவ்வழக்கை மையமாகக் கொண்டு 2014 இல் வெளியிட்ட நூலே 'ஜஸ்ற் மேர்சி'. (இத்தலைப்பின் முதற்சொல் 'நீதியான' என்றும் 'வெறும்' என்றும் ஒருங்கே பொருள்படுவது. தமிழில் ஒரு சொல்லால் அதனைப் பெயர்க்க முற்படுவோர் இடர்ப்படுவர்.) இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, ஏழையின் வழக்கு யாருடைய கதையாகச் சொல்லப்படுகின்றது என்னும் வினா எழுகின்றது.

லீயின் கலைத்திறன் மறுக்கற்பாலதன்று. ஆயினும் நாவல் முழுவதும் சட்டத்தரணியின் மகளது பார்வையிலேயே விரிகின்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ரொம் ரொபின்சன் சாட்சிக்கூண்டிற்கு வெளியே பேசுவது மிகச் சொற்பம். அவன் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டு இறந்த செய்தியைப் பிறர் வாயிலாகவே அறிகிறோம். வாசகனின் அனுதாபத்திற் பெரும்பகுதி, தோற்றும் தலைநிமிர்ந்து நிற்கும் சட்டத்தரணியையே சென்றடைகின்றது. அப்பட்டினம் இந்நாவலைத் தன் பெருமையாகக் கொண்டாட முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனல் தகும்.

ஸ்டீவன்சனின் நூலில் மிகக் கனதியான பகுதி நீதிமன்றக் காட்சியன்று; மக்மிலியனின் உறவினரை அவர் சென்று சந்திக்கும் பகுதியே. கொலை நிகழ்ந்த காலை, தேவாலயத்துக்குப் பணந்திரட்டுவதற்காக மக்மிலியன் வீட்டில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தனர். அவரும் அங்கேயே நின்றார். கண்டவர் பலர், பெரும்பாலும் கறுப்பினத்தவர். அவர்களது சாட்சியம் செல்லவில்லை. அவர் காட்டில் தனியே வேட்டையாடியிருந்தால், ஒருவேளை செய்திருப்பாரோ என்று ஐயுற்றேனும் ஆறியிருக்கலாம். அருகில் நின்றவர்களுக்கு அந்த ஐயமும் இல்லாது போயிற்று என உறவினர் ஒருவர் வருந்துகிறார். தண்டனை ஒருவருக்கு விதிக்கப்பட்டபோதிலும், உண்மையை அறிந்த ஒரு சமூகம் முழுவதும் பொய்யர் எனத் தீர்க்கப்பட்டது என்பதை இப்பகுதி உணர்த்துமளவிற்கு எந்தச் சட்ட நூலும் உணர்த்தாது.

நல்ல சட்டத்தரணி கிடைத்தால் ஏழை பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையையும் நூல் அசைத்துவிடுகின்றது. மக்மிலியனுக்காக அவரது சமூகத்தார் பணஞ் சேர்த்து அனுபவமிக்க கறுப்பினச் சட்டத்தரணிகளை அமர்த்தினர். எனினும் விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. யூரர் பன்னிருவருள் பதினொருவர் வெள்ளையர். விசாரணைக்கு முன்னரே, ஓராண்டுக்கு மேலாக அவர் மரணதண்டனைக் கைதிகளின் கூடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். தண்டனைக்கு முன்பே மின்சாரக் கதிரைக்கு அருகில் இருத்துதல் என்பது இதுதான். பிரதான சாட்சி தான் பொய்யுரைக்க வற்புறுத்தப்படுவதாக முறையிட்ட ஒலிப்பதிவு எதிர்த்தரப்பிற்குக் கொடுக்கப்படவில்லை. யூரர் ஆயுட்சிறையையே பரிந்துரைத்தனர். நீதிபதியோ அதனை மீறி மரணதண்டனை விதித்தார். இவ்வதிகாரத்தை அலபாமா 2017 இலேயே நீக்கியது. அதுவும் முன்னர் தண்டிக்கப்பட்டோருக்குப் பயனளிக்காத வகையில். சட்டத்தரணியை அமர்த்த வழியற்றவர் நிலை இதனினும் மோசம். மரணதண்டனை வழக்குகளில் நீதிமன்றத்துக்கு வெளியேயான தயாரிப்புப் பணிக்கு அம்மாநிலம் அக்காலத்தில் வழங்கிய உச்சத்தொகை 1000 டொலர்.

நூலிற் குறைகள் உள. மக்மிலியன் கதைக்கு இடையிடையே வேறு வழக்குகள் புகுவதால் ஓட்டம் தடைப்படுகின்றது; சிற்சில இடங்களில் நடை பிரசங்கமாகிவிடுகின்றது. ஆனால் இடைப்புகும் வழக்குகளுள் ஒன்று இன்றியமையாதது. வியட்நாம் போரில் மனமுறிவுற்றுத் திரும்பிய ஹேர்பேட் றிச்சட்சன் வைத்த குண்டினால் ஒரு சிறுமி இறந்தாள். அவர் நிரபராதியல்லர். 1989 இல் அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்ட இரவை ஸ்டீவன்சன் நிதானமாக எழுதுகின்றார். நிரபராதிக்கு இரங்குதல் எளிது. அந்த எளிமையில் வாசகன் தங்கிவிடாதவாறு ஆசிரியர் தடுத்துள்ளார். லீயின் நாவல் கேட்கத் துணியாத கேள்வி இது.

சட்டத்தரணியே கதைசொல்லியாக இருப்பதால் அற்றிக்கஸின் நிழல் இந்நூலிலும் விழுகின்றது என வாதிக்க இடமுண்டு. அதற்கு விடை இறுதி அத்தியாயங்களிலேயே உள்ளது. 1993 இல் மக்மிலியன் விடுதலையானார். வெற்றியோடு நூலை முடித்திருக்கலாம்; ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. பின்னாளில் நினைவு தடுமாறிப் பராமரிப்பு நிலையமொன்றில் இருந்த மக்மிலியன், தாம் மீண்டும் மரணதண்டனைக் கூடத்தில் இருப்பதாக எண்ணி, தம்மை வெளியே எடுத்துவிடுமாறு ஸ்டீவன்சனிடம் மன்றாடுகிறார். 2013 இல் அவர் காலமானார்.