மாடிப்படிக்கு அடியில் ஒரு முகவரி: ஹாரி பாட்டர் வரிசையும் தோட்டப்புற வாசகரும்

தமிழாசிரியர் கூடும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி எழுகிறது: நம் பிள்ளைகள் ஹாரி பாட்டரைப் படிக்கின்றனர், தமிழில் மாயக்கதை படிப்பதில்லை. மந்திரமும் விளம்பரமும் மயக்கிவிட்டன என்பதே இதற்குக் கூறப்படும் வழக்கமான காரணம். மந்திரம்தான் காரணமெனில் நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை.

பத்துகாஜா அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த இக்கட்டுரையாளரும் அம்புலிமாமாவின் வேதாளத்தில் மயங்கியவரே. 1947 சூலையில் தொடங்கி, இன்று நின்றுவிட்ட அவ்விதழில், மூலத்தின் இருபத்தைந்து கதைகள் முடிந்த பின்னரும் வேதாளம் புதிர் போட்டுக்கொண்டே இருந்தது. அப்புதிர்கள் அறிவைத் தீட்டின என்பதில் ஐயமில்லை. ஆயினும் விக்கிரமாதித்தனுக்கு வயது ஏறுவதே இல்லை. படிக்கும் சிறுவன் தன்னைப் பொருத்திப் பார்க்க அங்கே இன்னொரு சிறுவனும் இல்லை.

ஜே. கே. ரௌலிங் 1997 முதல் 2007 வரை எழுதிய ஏழு நூல்களும் பள்ளிக்கூடக் கதைகள். பதினொரு வயதில் தொடங்கும் ஹாரி நூலுக்கு ஒரு வயது வளர்கிறான். அவனுக்கு வரும் முதற்கடிதத்தின் உறையில், அவன் படுத்துறங்கும் மாடிப்படி அடியறையே முகவரியாக எழுதப்பட்டிருக்கிறது. தோட்ட ஆபீசின் வழியாகவே கடிதம் பெற்று வளர்ந்தவர்க்கு இச்சிறு செய்தியின் எடை விளங்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியை முடித்து ஈப்போவின் இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள், மலாய்மொழித் தேர்ச்சி போதாமையால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர்ந்தனர். பிறர்க்குப் பிறப்பிலேயே தெரிந்தவை தனக்கு மட்டும் தெரியாத அந்த நாணம் ஹாக்வார்ட்ஸில் ஹாரிக்கும் உண்டு. ஆனால் அங்கே எதுவும் தெரியாமல் வந்தவனைப் பள்ளி எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. நூல்வரிசையின் ஈர்ப்பு, மந்திரக்கோலைவிட, இந்த எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இவ்வளவு சொன்னபின் ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் இருந்தபோது நான்காம் நூலை (2000) மீண்டும் படித்தேன். ஹாக்வார்ட்ஸ் சமையற்கட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிப் பூதங்கள் கூலியின்றி உழைக்கின்றன. விடுதலை என்றாலே அவை அஞ்சுகின்றன. இரண்டாம் நூலில் ஒரு காலுறையால் விடுதலை பெற்ற டாபி மட்டும் கூலி கேட்கிறது. தலைமையாசிரியர் வாரத்துக்குப் பத்துப் பொற்காசு தர முன்வர, டாபியே பேரத்தைக் கீழே இறக்கி ஒரு காசுக்கு ஒப்புக்கொள்கிறது! இப்பூதங்களுக்காகச் சங்கம் அமைக்கும் ஹெர்மாயினியை நண்பர்கள் எள்ளுகின்றனர். கதையும் பெரிதும் அவர்களோடு சேர்ந்தே நகைக்கிறது. 2005இல் வந்த திரைப்படம் இச்சங்கத்தை அடியோடு விட்டுவிட்டது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்துநின்றவர்களின் பேரப்பிள்ளைக்கு, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான நாட்டில் பிறந்தவர்க்கு, இந்நகைச்சுவை எளிதில் செரிப்பதில்லை. 'அவர்களுக்கு இதுவே போதும்' என்ற சொல்லை நம் தாத்தாக்களைப் பற்றியும் பிறர் கூறியதுண்டு.

ரௌலிங் இதனை உணராதவர் அல்லர். ஐந்தாம் நூலில் (2003), கிரீச்சர் என்னும் பூதம் இழிவாக நடத்தப்பட்டதன் விளைவை ஹாரியின் ஞானத்தந்தை உயிரால் செலுத்துகிறார். ஏழாம் நூலில் டாபி இறந்தபோது ஹாரி மந்திரத்தை ஒதுக்கி, மண்வெட்டியால் தானே குழி தோண்டுகிறான். வரிசை முழுவதிலும் அவன் கை காய்க்க உழைக்கும் அரிய இடம் அது. தொழிலாளர் குடும்பத்து வாசகர் நெஞ்சில் நிற்கும் இடமும் அதுவே.

எனினும் அதே நூலின் இறுதியில், போர் ஓய்ந்து சோர்ந்திருக்கும் ஹாரிக்கு ஓர் ஆசை எழுகிறது: படுக்கையில் சாய்ந்தபின் கிரீச்சர் உண்ண ஏதேனும் கொண்டுவந்து தருமா என்று எண்ணுகிறான். அதற்குக் கூலி உண்டா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை.