மேலே போகப் போகப் பழசாகும் கட்டடம்

வட அயர்லாந்தின் அர்மா நகரத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே படம்தான்: இரண்டு குன்றுகள், எதிரெதிரே இரண்டு பேராலயங்கள், இரண்டுக்கும் புனித பேட்ரிக் என்றே பெயர். ஒன்று ஆங்கிலிக்கன் வழிவந்த அயர்லாந்து திருச்சபையினுடையது, மற்றது கத்தோலிக்கர்களுடையது. பழையதும் புதியதும் சமாதானமாகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்ற ரீதியில் கீழே ஒரு வரி இருக்கும். அவ்வளவு ரத்தம் சிந்திய மண்ணில் அப்படிச் சொல்ல ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் டப்ளினிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தபோது கட்டடங்கள் அப்படி எதையும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. நான் வளர்ந்த பாளையங்கோட்டையிலும் இரண்டு பேராலயங்கள். அம்மா சி.எஸ்.ஐ., 'ஆராதனை' என்பாள். அப்பா ஆர்.சி., 'பூசை' என்பார். பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாக வீட்டில் பேச்சு. கல்யாண ஆல்பத்தில் மட்டும் ஆச்சி இல்லை.

முதலில் ஆங்கிலிக்கன் குன்று. 445-ல் பேட்ரிக்கே இங்கே தேவாலயம் எழுப்பினார் என்பது மரபு. 1014-ல் போரில் இறந்த அரசர் ப்ரையன் போருவை இங்கேதான் புதைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். மதச் சீர்திருத்தத்தின்போது இடம் கைமாறியது. இதையெல்லாம் படித்துவிட்டுப் போனால் கண்ணுக்கு எதுவுமே பழசாகத் தெரியமாட்டேன் என்கிறது. லூயிஸ் காட்டிங்ஹாம் 1834 முதல் 1840 வரை செய்த புதுப்பிப்பில் இடைக்காலச் சுவர்கள் புதிய மணற்கல்லுக்குள் மறைந்துவிட்டன. கொஞ்ச காலத்தில் அங்கே வந்த நாவலாசிரியர் தாக்கரே, சீமாட்டி ஒருத்தியின் வரவேற்பறை அளவுக்குத் துப்புரவாக இருப்பதாகத் தன் பயண நூலில் எழுதினார். சரியான குத்து.

அதே 1840-ல், மார்ச் 17 அன்று, எதிர்க்குன்றில் கத்தோலிக்கர்கள் அடிக்கல் நாட்டினார்கள். ஆக, நாம் இன்று வெளியிலிருந்து பார்க்கும் 'பழையது' முடிந்த வருஷமும் 'புதியது' தொடங்கிய வருஷமும் ஒன்றே. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரச் சட்டம் இடம்கொடுத்தே அப்போது 11 வருஷம்தான் ஆகியிருந்தது. எதிர்க்குன்றில் எழும்பியது சமாதானம் இல்லை, பதில்.

அந்தப் பதில் பாதியில் நின்றது. கட்டடக் கலைஞர் தாமஸ் டஃப், ஆங்கிலேயப் பாணியான பெர்ப்பெண்டிகுலர் கோதிக்கில் வரைந்திருந்தார். சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. வேலை நின்றது. 1848-ல் டஃப் இறந்தார். அடிக்கல் நாட்டிய பேராயர் க்ரோலி அடுத்த வருஷம் காலராவில் போனார். கூரையில்லாத அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அவரைப் புதைத்தார்கள்.

1854-ல் மறுபடி தொடங்கியபோது பொறுப்பேற்ற ஜே.ஜே. மெக்கார்த்திக்கு டஃபின் பாணி பிடிக்கவில்லை. இடிக்கவும் இல்லை. நின்றிருந்த சுவர்மேல் பிரெஞ்சுச் சாயலுள்ள டெக்கரேட்டட் கோதிக்கை ஏற்றினார். நடுக்கோபுரத்தை விட்டுவிட்டு முகப்பில் இரட்டைக் கோபுரம் வைத்தார். இதில் வேடிக்கை, டெக்கரேட்டட் பாணி 14-ஆம் நூற்றாண்டினுடையது. பெர்ப்பெண்டிகுலர் அதற்குப் பின்னால் வந்தது. மேலே போகப் போகக் கட்டடத்துக்கு வயது கூடுகிறது!

இலக்கணப்படி இது பிழை. வாசலில் நிற்கும்போது எனக்கும் உறுத்தியது. வேலையை விட்டுப்போனவரின் நிரலைத் தொடர வேண்டிய நிலை எனக்கும் வந்திருக்கிறது. நான் முழுசாக அழித்து, சுத்தமாகத் திருப்பி எழுதினேன். நல்ல பெயர் கிடைத்தது. ஆறு மாசம் கழித்து, அவர் ஏன் அந்த விநோதமான நிபந்தனையைப் போட்டார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தேன். நான் காட்டிங்ஹாம் கட்சியாக இருந்திருக்கிறேன்.

அழகு என்று கேட்டால் காட்டிங்ஹாமுடையதில் ஒழுங்கு அதிகம். இருந்தும் என் ஓட்டு மெக்கார்த்திக்கு. பஞ்சம் எங்கே குறுக்கே வந்தது என்பதை அவர் கட்டடம் மறைக்கவில்லை. அதற்காகக் கத்தோலிக்கர்களை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. 1981-82 சீரமைப்பில் பழைய பலிபீடத்தையும் மறைப்பையும் எடுத்துவிட்டுக் கருங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒரு காட்டிங்ஹாம் இருந்திருக்கிறார்.

கட்டி முடிக்கப் பணம் தேடி 1865-ல் ஒரு பெரிய சந்தை நடத்தினார்கள். குலுக்கலில் ஒருவருக்கு ஆளுயரக் கடிகாரம் விழுந்தது. குருக்கள் உடை மாற்றும் அறையில் அது இன்னும் நிற்கிறது. சீட்டு வைத்திருந்தவர் வந்து கேட்கவே இல்லை.